பல்வலி

மாமனாரின் தலை அசையாதபடி இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள் கோதை. மாமியார் வத்சலா தன் புருஷனின் தாடைக்கு அடியில் மஃப்ளரைக் கொடுத்து, காதுகளை மூடி, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். முடிச்சு தளர்ந்து வாய் லேசாகத் திறந்துகொண்டது. அவிழ்த்து, இன்னும் இறுக்கி, மறுபடியும் கட்டினாள்.

"யாராவது கேட்டா பல்வலின்னு சொல்லிக்கலாம்," என்றாள்.

செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்ற உப்பிலி, காபிக்கு எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை. அதற்கு முன்பே வத்சலா ஒருமுறை அவரைப் பார்த்திருந்தாள். கடல் காற்றில் அசந்து தூங்குகிறார் என்று நினைத்துப் போர்வையை இழுத்துவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள். அதை இதுவரை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. கோதைதான் பார்த்திருந்தாள்.

மாமல்லபுரத்தைத் தாண்டி, சவுக்குத் தோப்புக்குள் இருந்த அந்த விடுதியைத் தேடிப் பிடித்ததும் கோதைதான். சிறுசேரியில் வேலை பார்க்கும் அவள் புருஷன் ஷ்ரவணுக்கு ஒரு சனி ஞாயிறு ஒழிந்ததே பெரிய காரியம். ஏசி இல்லை, டிவி இல்லை, பனையோலை வேய்ந்த குடில்கள், கேட்டுக்கொண்டால் வெங்காயம் பூண்டு இல்லாத சமையல். பெரியவர்களுக்குச் சங்கடமில்லாமல் இருக்கும் என்று நினைத்தாள். மரங்களுக்குப் புகை ஆகாது என்று காரை கேட்டிலேயே நிறுத்திவிட வேண்டும். அங்கிருந்து மணல் பாதையில் நடை. சாமான்களுக்கு ஒரு தள்ளுவண்டி. வந்த அன்று அந்த ஏற்பாடு அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

வரவேற்பறையில் போய்ச் சொல்வதற்குத்தான் ஷ்ரவண் செருப்பை மாட்டினான். வத்சலா கதவை மறித்துக்கொண்டாள். அவளுடைய தங்கையின் மைத்துனர் ஒரு வெளியூர் லாட்ஜில் இறந்துபோனார். போலீஸ் வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்று மறுநாள் வரை போட்டுவைத்து, அறுத்துத் தைத்துத்தான் கொடுத்தார்கள். கோணியைத் தைத்த மாதிரி இருந்ததை வத்சலா கண்ணால் பார்த்திருக்கிறாள்.

"இவரை அறுக்க விடமாட்டேன். ஆத்துக்கு முழுசாக் கொண்டுபோய்ச் சேர்க்கணும். அதுவரைக்கும் இவர் தூங்கறார், அவ்வளவுதான். விறைக்கறதுக்குள்ள கிளம்புடா."

ஷ்ரவண் டாக்டர் ராஜாராமுக்குப் போன் செய்தான். உப்பிலியின் இதயத்துக்கு வருஷக்கணக்கில் மாத்திரை எழுதிக் கொடுத்தவர் அவர்தான். அப்பாவை வீட்டுக்கு அழைத்து வா, வந்து பார்க்கிறேன் என்றாராம். அழைத்து வா என்றுதான் சொன்னார் என்று ஷ்ரவண் இரண்டு தடவை சொன்னான்.

வத்சலா திருமண்ணைக் குழைத்து அவர் நெற்றியில் இட்டாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டினாள். ஷ்ரவண் கோதையை ஓரமாகக் கூப்பிட்டு, வழியில் அம்மா அழாமல் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கிசுகிசுத்தான். இதை எப்படி மாமியாரிடம் சொல்வது என்று தெரியாமல் கோதை வந்து நின்றாள்.

"எனக்குத் தெரியும்டி," என்றாள் வத்சலா.

தள்ளுவண்டியோடு எல்லப்பன் வந்தான். முந்தின நாள் சாயங்காலம் உப்பிலி அவனோடு உட்கார்ந்து, எந்த ரயில் எந்த ஊரில் நிற்கும் என்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். "இன்னா ஐயா, அதுக்குள்ள கெளம்பிட்டே?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தவன், கட்டிலில் சாய்ந்திருந்தவரின் காலைத் தூக்கக் குனிந்தான். அவன் கை அப்படியே நின்றது.

எல்லப்பன் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறி, வண்டிப் பலகையில் விரித்தான்.

"பலக உறுத்தும்," என்றான்.

பாதையில் கடலில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு ஒரு குடும்பம் எதிரே வந்தது. எல்லப்பன் தூரத்திலிருந்தே குரல் கொடுத்தான். "ஐயாவுக்குப் பல்லு வலி சார். டாக்டராண்ட இட்டுனு போறாங்கோ. கொஞ்சம் ஒதுங்கிக்கோங்க." அந்தக் குடும்பத்தலைவர் அக்கறையோடு நின்று, கிராம்புத் தைலம் வைத்துப் பார்க்கச் சொன்னார். ஆகட்டும் என்று வத்சலா தலையாட்டினாள். பிறகு புருஷன் பக்கம் குனிந்து, "இதோ வந்துடுத்து, கார்ல ஏறினதும் சாஞ்சுக்கலாம்," என்றாள். தினமும் அவரிடம் பேசுகிற அதே குரல். கோதை மணலைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

பின் சீட்டில் அவரை நடுவில் உட்கார வைத்தார்கள். ஒரு பக்கம் பைகளையும் போர்வையையும் அடுக்கி முட்டுக் கொடுத்தார்கள். மறுபக்கம் வத்சலா. கேட்டில் காவலாளி நின்றிருந்தான். எல்லப்பன் கதவை ஓசையில்லாமல் சாத்தி, கைகூப்பினான்.

"போய்ட்டு வா ஐயா," என்றான், காவலாளியின் காதில் விழும்படி.

வளைவுகளில் உப்பிலி மொத்தமாக மனைவியின் மேல் சாய்ந்தார். வத்சலா காலை ஊன்றி, தோளைக் கொடுத்து அவரை நிமிர்த்தினாள். கோதை முன் சீட்டிலிருந்து கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தாள். ஷ்ரவண் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தபோதெல்லாம் பின்னாலிருந்து, ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொல்லி அந்தக் குரல் வந்தது.

திருக்கழுக்குன்றத்தில் சித்திரைத் தேர். வண்டிகள் நின்றுவிட்டன. வேர்க்கிற வெயில். கோதை நிமிர்ந்து மலைக்கோயிலைப் பார்த்தாள். அவர்கள் வீட்டில் யாரும் அந்தச் சிவன் மலை ஏறியதில்லை. ஆனாலும் மடிக்குள்ளேயே கைகூப்பிக்கொண்டாள்.

மோர்ப்பந்தலிலிருந்து ஓர் அம்மாள் தட்டில் எவர்சில்வர் டம்ளர்களோடு ஒவ்வொரு வண்டியாக வந்துகொண்டிருந்தாள். வத்சலாவைவிட மூத்தவள். நெற்றி நிறைய விபூதி. பின் ஜன்னலில் குனிந்தாள்.

"பெரியவருக்கு இன்னாம்மா?"

"பல்வலி."

"ஐய, பாவமே. ஜில்லுனு கீது, எழுப்பிக் குடும்மா. வலிக்கு எதமா இருக்கும்."

"ராத்திரி பூரா தூங்கலை. இப்பதான் கண்ணசந்தார்."

"அப்ப நீ குடி. உன் மூஞ்சியப் பாரு, எப்படி வாடிக் கீது. குடி தாயி, டம்ளரு வாங்கினு போறேன்."

கூட்டத்தை ஒழுங்கு செய்துகொண்டிருந்த போலீஸ்காரர் காரின் மேல் கையை ஊன்றி நின்று, உள்ளே பார்த்தார்.

உடலை எடுத்து முடியும்வரை வீட்டு மனிதர்கள் பல்லில் பச்சைத் தண்ணீர் படக்கூடாது. காலையிலிருந்து வத்சலா வாய்கூடக் கொப்பளிக்கவில்லை என்பது கோதைக்கு அப்போதுதான் நினைவு வந்தது. கையை நீட்டி, என்னிடம் கொடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வத்சலா டம்ளரை வாங்கிவிட்டாள்.

"நான் குடிச்சுடறேன், என்ன?" என்று அவரிடம் கேட்டாள். கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு அண்ணாந்து, நிறுத்தாமல் முழுவதையும் குடித்தாள்.

அந்த அம்மாளுக்குத் திருப்தியாக இருந்தது. டம்ளரை வாங்கிக்கொண்டு வத்சலாவின் கன்னத்தைத் தொட்டாள். "மஞ்ச குங்குமத்தோட நல்லா இரும்மா," என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனாள். போலீஸ்காரர் முன்னால் இருந்த வேனை நகரச் சொல்லிக் கை காட்டினார்.

எல்லாரும் நல்லவர்களாகவே இருந்தார்கள். கிராம்புத் தைலம் சொன்னவர், மோர் கொடுத்தவள், வழி விட்ட போலீஸ்காரர். அன்பாக வந்த ஒவ்வொருவரிடமும் பொய்தான் சொல்ல வேண்டியிருந்தது. இந்தப் பொய்களின் பாவத்தை என்மேல் வைத்துக்கொள், மாமியார்மேல் வைக்காதே என்று கோதை பெருமாளிடம் கேட்டுக்கொண்டாள். வேறு எதையும் கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. கேட்பதற்கு எதுவும் மீதி இல்லை.

செங்கல்பட்டில் டாக்டர் ராஜாராம் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார். கார்க் கதவைத் திறந்து, நாடி பார்த்து, கண்ணிமையைத் தூக்கிப் பார்த்து, மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். ஹார்ட்தான், நான் சர்டிபிகேட் எழுதித் தருகிறேன் என்று ஷ்ரவணின் முதுகைத் தட்டினார். ஷ்ரவண் அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்து சத்தமாக அழ ஆரம்பித்தான். பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. பெண்கள் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். இரண்டு பேர் தங்கள் வீட்டிலிருந்து ஒரு பெஞ்சைத் தூக்கி வந்தார்கள்.

வத்சலா காரிலிருந்து இறங்கவில்லை.

ஷ்ரவண் எழுந்து வந்தான். "அம்மா, ஆத்துக்கு வந்தாச்சு. இனிமே அழலாம்மா."

"நான் நகர்ந்தா இவர் சாஞ்சுடுவார்டா," என்றாள் வத்சலா.

பெஞ்சைத் தூக்கி வந்தவர்கள் அதைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள்.

கோதை சுற்றிக்கொண்டு போய் மறுபக்கக் கதவைத் திறந்தாள். பைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். போர்வையை எடுத்தாள். உள்ளே ஏறி, மாமனாரை ஒட்டி உட்கார்ந்து, தோளைக் கொடுத்தாள். துணியையும் தாண்டிக் குளிர்ந்தது.

"நான் பிடிச்சுண்டிருக்கேன்மா. நீங்க இறங்குங்கோ."

வத்சலா தலையை ஆட்டினாள். இறங்கவில்லை.

இரண்டு பேரும் அவருக்கு இரண்டு பக்கமும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஷ்ரவண் அணைக்க மறந்திருந்த இன்ஜினை, யாரோ ஜன்னல் வழியாகக் கையை விட்டு அணைத்தார்கள்.