சர்ச்சில் காட்டாதே

கோதண்டபாணி எனக்குத் தரவேண்டியது பதினெட்டாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய். நாற்பத்தொரு நாள் வேலை, நாளுக்கு நானூற்று ஐம்பது. மொட்டை மாடியில் சூடு இறங்காமல், மழை ஒழுகாமல் வெள்ளை டைல்ஸ் பதிக்கிற வேலை. கார்டில் காண்ட்ராக்டர் என்று அச்சடித்திருந்தாலும் எங்களுக்கு அவர் மேஸ்திரிதான். இரண்டாயிரத்துப் பதினாலு சித்திரையோடு வேலை முடிந்தது. ஆடி பிறந்தும் பணம் வரவில்லை. என் சம்சாரம் இன்னாசியம்மாளின் தோடு விழுப்புரத்தில் அடகில் கிடந்தது. ஆகஸ்ட் முப்பதுக்குள் மீட்காவிட்டால் ஏலம் என்று கடுதாசி வந்துவிட்டது.

திண்டிவனத்தில் அவர் ஆபீசுக்கு ஐந்தாவது முறையாகப் போனேன். ஆபீஸ் என்றால் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், சுவரெல்லாம் டைல்ஸ் துண்டு.

"வெச்சிக்கினு இல்லன்னு சொல்றனா தொம்மை? வெப்சைட் போட்டுத் தர்றேன்னு அந்த மரிய அருண் இருபத்திரெண்டாயிரம் வாங்கிக்கினு போனான். ஏழு மாசம் ஆச்சு. ஒரு போன் வர்ல. வேலை வந்தாத்தான காசு?"

வெப்சைட் என்பது என் கூலியைத் தள்ளிப்போட அவருக்குக் கிடைத்த சாக்கு என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் முகத்தில் நிஜமாகவே கோபம் இருந்தது.

"எனக்கு வர்ற போனையெல்லாம் அவன் வேற எவனுக்கோ திருப்பி வுட்டுட்டான். உங்க ஆளுதான அவன்? நீ போயி பக்கத்துல உக்காரு. இன்னா பண்றான்னு பாரு. உன் எதிர்ல எதையும் மறைக்க மாட்டான். உனக்குத்தான் படிக்கத் தெரியாதே."

படிக்கத் தெரியும். தொண்ணூற்று மூன்றில், முப்பத்தோரு வயதில், அறிவொளி வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். இங்கிலீஷ் எழுத்தை சிமெண்ட் மூட்டையிலும் பஸ் போர்டிலும் பார்த்துப் பிடித்துக்கொண்டேன். இதை நான் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. படிக்காதவன் என்று நினைத்தால் மனிதர்கள் காகிதத்தைத் திறந்தபடி வைத்துவிட்டு எழுந்து போகிறார்கள்.

"சரி மேஸ்திரி. அருண் மேல தப்பு இல்லன்னா?"

"இல்லன்னா போன் வரும். போன் வந்தா உன் காசு வரும்."

மறுநாள் காலை விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் அருணின் கடைக்குப் போனேன். ஜெராக்ஸ் மிஷின் ஒரு பக்கம், கம்ப்யூட்டர் இரண்டு மறுபக்கம். மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசையில் பார்த்த பழக்கம்தான். என்னைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டான். அப்புறம் சந்தேகமாகப் பார்த்தான்.

"இன்னா மாமா, மேஸ்திரி அனுப்புனாரா வேவு பாக்க?"

"ஆமா தம்பி. என் கூலி உன் பொட்டிக்குள்ள மாட்டிக்கினு இருக்குதுன்றாரு. எடுத்துக்கினு போலாம்னு வந்தேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. உடனே அடங்கியும் போனது.

"வேலைய முடிச்சி பாஸ்வேர்ட அவரு கையில குடுத்தேன். அன்னிக்கு சாயங்காலமே மாத்திட்டாரு. சாவிய வாங்கிக்கினு பூட்டையும் மாத்துனா நான் எப்பிடி உள்ள போறது? ஆனா திண்டிவனத்துல ஹார்டுவேர் கடைக்குக் கடை போயி நான் ஏமாத்திட்டேன்னு சொல்லிக்கினு இருக்காரு. ரெண்டு பேரு அட்வான்ஸத் திருப்பிக் கேட்டுட்டாங்க."

"நீ ஏமாத்தலையே?"

"நீயும் கேக்குறியா மாமா?"

"நான் எல்லாரையும் கேப்பேன்."

அவன் முனகிக்கொண்டே கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான். கூகுளில் ஏதோ தட்டினான். மேஸ்திரியின் வெப்சைட்டில் எத்தனை பக்கம் உனக்குத் தெரியும் என்று அதனிடமே கேட்கிறானாம். எதுவும் இல்லை என்று வந்தது. அவன் முகம் மாறிவிட்டது.

"கடைசியிலதான் இருக்குதுன்னு நெனச்சேன். நோட்லயே இல்ல."

"எந்த நோட்டுல?"

"ரேஷன் கார்டுக்குக் கணக்கெடுக்க வர்றாங்க இல்ல, அந்த மாதிரி ஒரு புரோகிராம் ஒவ்வொரு வெப்சைட்டா போயி படிச்சி எழுதிக்கும். யாராவது தேடுனா அது எழுதி வெச்சதுலேர்ந்துதான் காட்டும். இவரு பேரு அதுல ஏறவே இல்ல. பத்தாவது பக்கத்துல இருந்தா மொதல் பக்கத்துக்கு இழுக்கலாம். இல்லாதத எங்கேர்ந்து இழுக்கறது?"

பக்கத்துக்குப் பின்னால் இருக்கிற எழுத்தைத் திறந்தான். சித்தெறும்பு ஓடுவதுபோல இங்கிலீஷ் எழுத்து கீழே இறங்கிக்கொண்டே போனது. நான் முன்னால் குனிந்தேன். படிக்கத் தெரியாதவன் இப்படிக் குனிய மாட்டான் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. மேல் பக்கமாக ஒரு வரியில் ஒரு சொல் கண்ணில் பட்டது. என், ஓ. நோ பார்க்கிங்கில் வருகிற நோ. அதோடு ஒட்டி ஐ, என், டி, இ, எக்ஸ்.

"இங்க எதுக்குத் தம்பி நோ போட்டிருக்குது?"

அவன் என்னை ஒருமுறை பார்த்தான், அந்த வரியை ஒருமுறை பார்த்தான். தலையில் கை வைத்துக்கொண்டான்.

"கணக்குல ஏத்தாதன்னு அர்த்தம். நான் போட்டதுதான் மாமா."

எனக்குச் சுருக்கென்றது. மேஸ்திரி சொன்னது சரிதானா என்று ஒரு நிமிஷம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இரு இரு, அப்பிடிப் பாக்காத. வேல நடக்கும்போது அரகொறையா வெளிய தெரியக்கூடாதுன்னு எல்லாரும் போடறதுதான். உள்ள ஒரு கட்டம் இருக்கும், அதுல ஒரு டிக். வேல முடிஞ்சதும் எடுத்துடணும். கடைசியா ஒருதரம் படமெல்லாம் பாத்துட்டு நானே எடுக்கறேன்னாரு. தமிழ்ல பேப்பர்லயே எழுதிக் குடுத்தேன். மொத வரியே அதான்."

"அவரு எடுக்கலையா?"

"எடுத்திருந்தா இந்த நோ இருக்குமா? ஏன் எடுக்கலன்னு அவரத்தான் கேக்கணும்."

திண்டிவனம் பஸ்ஸில் வரும்போது இரண்டு பேரையும் மாற்றி மாற்றிச் சந்தேகப்பட்டேன். அப்படி ஒரு பேப்பரே இல்லாமல் இருக்கலாம். டிக்கை மறந்துவிட்டு அருண் சமாளிக்கலாம். இல்லை, இருபத்திரெண்டாயிரம் போச்சு என்று சொல்லிக்கொண்டே கூலிக்காரர்களுக்கு நாமம் போட மேஸ்திரியே டிக்கை விட்டு வைத்திருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் முட்டி தேய்ந்தது எனக்குத்தான்.

மேஸ்திரி தனியாக இருந்தார்.

"இன்னா சொல்றான்?"

"நீங்க ஒரு டிக்க எடுக்கலையாம். பேப்பர்ல எழுதிக் குடுத்தானாம்."

அவர் கதவைப் பார்த்தார். எழுந்து போய்ச் சாத்திவிட்டு வந்தார். மேசை இழுப்பறையைச் சாவி போட்டுத் திறந்து நாலாக மடித்த தாளை எடுத்தார். பேப்பர் இருந்தது. முதல் வரிக்கடியில் சிவப்பு மையில் இரண்டு கோடு.

"எதுக்கு எடுக்கணும்? நீ எங்கிட்ட நல்லபடியா வேல செஞ்சவன், உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். அவன் பண்ண வேலயப் பாரு. உனக்குப் படிக்க வராது. நான் படிக்கறேன்."

"குடுங்க மேஸ்திரி."

வாங்கி எழுத்துக் கூட்டினேன். இனி மறைத்துப் பிரயோஜனம் இல்லை. வாய்விட்டே படித்தேன். "வேலை முடிந்ததும், சர்ச்சில் காட்டாதே என்ற கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடவும்."

மேஸ்திரி வாயைத் திறந்தபடி நின்றார். நான் படித்ததில் வந்த திகைப்பு அது. அப்புறம் அதையும் மறந்துவிட்டுத் தாளைத் தட்டினார்.

"நீயே படிச்சிட்ட இல்ல? டிக்க எடுத்தா இன்னா ஆவும்? சர்ச்சுல காட்டும். என் கம்பெனிய எதுக்குய்யா சர்ச்சுல காட்டணும்? மேல பிள்ளையார் படம் போட்டுத் தொடங்குன வெப்சைட். நாளைக்கி இவனுங்க கம்பெனின்னு ஊர்ல பேச்சு வந்தா? அதான் டிக்க வுட்டுவெச்சி, பாஸ்வேர்டையும் மாத்திட்டேன். வெளிய சொன்னா மதப் பிரச்சினை ஆவும்னு பல்லக் கடிச்சிக்கினு இருக்கறேன்."

நான் மறுபடி படித்தேன். சர்ச். இரண்டு ச, நடுவில் ஒரு ர், மேலே புள்ளி. எழுத்தில் தப்பில்லை. எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை, ஏனென்றால் நாங்கள் சர்ச் என்று சொல்வதே கிடையாது. எங்களுக்குக் கோயில். கோயிலுக்குப் போறேன், கோயில் திருநாள், கோயில் மணி. சர்ச் என்பது எங்களைப் பற்றி மற்றவர்கள் பேசும்போது வருகிற சொல். அருணும் அப்படித்தான். அவன் வாயில் சர்ச் என்றால் அது கம்ப்யூட்டரில் தேடுவது ஒன்றுதான். வேறு அர்த்தம் அவன் நினைப்பிலேயே வந்திருக்காது.

"மேஸ்திரி, இது கோயில் இல்ல. தேடறது. சர்ச் பண்ணு, சர்ச் பண்ணுன்றாங்களே, அது."

"எது?"

"கூகுள்ல காட்டாதன்னு இருக்குது. ஏழு மாசமா நீங்க காட்டாத, காட்டாதன்னு சொல்லிக்கினு இருக்கீங்க. அது பாட்டுக்கு காட்டாம இருக்குது."

அவர் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். உதடு மட்டும் அசைந்தது.

"நெஜமாவா?"

"எங்க கோயிலே மழைக்கு ஒழுகுது. அங்க காட்டியிருந்தாலும் ஒரு வேலையாவது வந்திருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. தாளை மறுபடி நாலாக மடித்தார். பிறகு, "நீ பஸ் ஏர்றதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் பேசி வெச்சிக்கினு சொல்லலையே?" என்றார்.

"எடுத்துப் பாருங்க. பிள்ளையார் எங்கியும் போவ மாட்டாரு."

அருணுக்குப் போன் போட்டோம். பாஸ்வேர்டைக் கொடுத்தால் பத்து நிமிஷ வேலை என்றான். மேஸ்திரி கொடுக்கவில்லை. அவன் போனில் சொல்லச் சொல்ல அவரே செய்தார். பாஸ்வேர்டு அடிக்கும்போது என்னைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். இரண்டரை மணி நேரம் ஆயிற்று. டிக் போனது. அதோடு முடியவில்லை. உள்ளே போனபிறகுதான் மற்றது தெரிந்தது.

"கார்டுல முன்னாடி டபிள்யூ மூணு போட்டிருக்கீங்க, போர்டுல போடல," என்றது போனில் அருண் குரல். "ரெண்டுலயும் தனித்தனியா தொறக்குது. அதுக்கு அது ரெண்டு வீடு."

"ஒரே கடைதானய்யா?"

"உங்க வீட்டுக்குப் பழைய நம்பர், புது நம்பர் ரெண்டும் இருக்குது இல்ல? போஸ்ட்மேன் எதுல போடுவாரு?"

"அந்தப் பேஜாரு வேற. எல்ஐசி கடுதாசி மூணு வீடு தள்ளிப் போவுது."

"அதான். ஒரு நம்பர வெச்சிக்குவோம். பழைய நம்பருக்கு வர்றவங்கள நேரா புது நம்பருக்கு அனுப்பிடும். வலது பக்கம் ரெண்டாவது கட்டத்துல மாத்துங்க."

இன்னொன்று, வெப்சைட்டில் இருந்த நாலு பக்கத்துக்கும் தலைப்பு முகப்பு, முகப்பு, முகப்பு, முகப்பு. இதை அருண் தன் தப்பு என்று ஒத்துக்கொண்டான். நாலு பிள்ளைக்கும் ஒரே பேர் வைத்தால் யாரைக் கூப்பிடுவது என்று அவனே சொல்லித் திட்டிக்கொண்டான். திண்டிவனம், விழுப்புரம் என்று ஊரையும், மாடி ஒழுகலுக்கு, வெயிலுக்கு என்று வேலையையும் போட்டு மாற்றினார்கள். கடைசியில் எல்லாப் பக்கத்தின் பட்டியலையும் கூகுளுக்கு அனுப்பினார்கள்.

"எப்ப வருவான் அவன்?" என்றார் மேஸ்திரி.

"யாரு?"

"கணக்கெடுக்கறவன்."

"வர்றப்ப வரும் மேஸ்திரி. நாளு சொல்ல முடியாது."

"ஜல்தியா வர்றதுக்கு எதனா குடுக்கணுமா?"

"யாருக்கும் ஒண்ணும் குடுக்க வேணாம். எவனாவது கேட்டா குடுத்துடாதீங்க."

போனை வைத்ததும் மேஸ்திரி என்னிடம், "ஒண்ணும் வேணாம்னு ஒருத்தன் சொன்னா எனக்குப் பயமா இருக்குது," என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அன்றிலிருந்து தினமும் அருண் கடைக்குப் போய்க் கேட்டேன். முதல் வாரம் ஒன்றும் இல்லை. மேஸ்திரி போனில் கத்தினார். ஒன்பதாம் நாள் ஒரு பக்கம் ஏறியிருந்தது. பன்னிரண்டாம் நாள் நாலும் ஏறின. பதினேழாம் நாள் கோலியனூரிலிருந்து ஒருவர் மேஸ்திரிக்குப் போன் செய்தார். அதை மேஸ்திரி எனக்குச் சொல்லவில்லை. வேலைக்கு ஆள் வேண்டும் என்று மட்டும் கூப்பிட்டார். நானும் கேட்காமல் போனேன்.

வீட்டுக்காரர் பெயர் விருத்தாசலம், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மாடியில் மேஸ்திரி டேப் பிடித்து அளந்துகொண்டிருக்கும்போது நான் அவரிடம், "எங்கள யாரு சார் சொன்னது?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல. மாடி ஒழுகுதுன்னு தட்டுனேன், உங்க நம்பர் வந்துச்சு. உங்களோட சேத்து மூணு பேருக்குப் போட்டேன். நீங்கதான் எடுத்தீங்க."

டேப் மேஸ்திரி கையிலிருந்து சுருண்டு உள்ளே போனது. அவர் என் பக்கம் பார்க்கவில்லை. விருத்தாசலம் உள்ளே போய் முப்பதாயிரம் முன்பணம் கொண்டுவந்து கொடுத்தார்.

படியிறங்கி வேப்பமர நிழலுக்கு வந்ததும் மேஸ்திரி அருணுக்குத்தான் முதலில் போன் போட்டார். "ஹார்டுவேர் கடையில நான் சொன்னத நானே போயி மாத்திச் சொல்லிடறேன் தம்பி," என்றார். உடனே வைத்துவிட்டார். பிறகு என்னிடம், "பேப்பர் விஷயம் வெளிய போவ வேணாம் தொம்மை," என்றார்.

"அது வேற, என் கூலி வேற."

"நான் அதுக்காகக் குடுக்கறேன்னு சொன்னனா?" என்று எண்ணிக் கொடுத்தார். பதினெட்டாயிரத்து ஐந்நூறு. நானும் எண்ணினேன். ஒவ்வொரு தாளையும் வெயிலில் தூக்கிப் பார்த்தேன். ஐம்பது ரூபாய் அதிகம். என் சட்டைப் பையில், இடுப்பு முடிச்சில் எல்லாம் தேடியும் நாற்பத்திரண்டுதான் தேறியது. அதைக் கொடுத்தேன்.

"எட்டு ரூபா கொறையுது மேஸ்திரி. நாளைக்குத் தர்றேன்."

"போய்யா, எட்டு ரூபாய்க்கு."

"நாளைக்கி நான் உங்களுக்குப் பாக்கின்னு வரக்கூடாது. நோட்டுல எழுதுங்க."

அவர் என்னை முறைத்துவிட்டு நோட்டை வண்டி சீட்டின் மேல் வைத்து எழுதினார். நான் வாங்கி, விரல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். தொம்மை கூலி முழுதும் கொடுத்தாயிற்று. மேல் எட்டு ரூபாய் தள்ளுபடி. தள்ளுபடியில் ள் விட்டுப்போயிருந்தது. போடச் சொன்னேன். போட்டார். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.