மூன்று முறை அச்சான முகம்

ஐம்பதாம் ஆண்டு மலருக்கான வரலாற்றுக் கட்டுரையில் செய்தி ஆசிரியர் பதினோராம் பத்தியில் நின்றுவிட்டார். முதலாளி தன் கையாலேயே எழுதிக் கொடுத்த வரியை அங்கே சேர்க்க வேண்டும்: ‘அரை நூற்றாண்டில் ஒரு திருத்தம்கூட வெளியிட நேராத நாளிதழ்.’ அச்சில் திருத்தம் வந்ததில்லை என்பது உண்மைதான். ஏன் வந்ததில்லை என்பது உள்ளே வேலை பார்த்தவர்களுக்கு மட்டும் தெரியும்.

முதலாளியின் அப்பா, அலுவலகத்தில் எல்லோரும் ‘பெரியவர்’ என்று அழைத்தவர், வைத்திருந்த வழக்கம் அது. ஒருவரைப் பற்றித் தவறாகப் போட்டுவிட்டால் வருந்துகிறோம் என்று போடக் கூடாது. போட்டால் நேற்று கவனிக்காதவனும் இன்று கவனிப்பான், நாளை எதையுமே நம்பமாட்டான் என்பார். பதிலாக, ஒரு வாரத்துக்குள் அதே ஆளைப் பற்றி நல்லவிதமாக நான்கு வரி வர வேண்டும். சங்கத்தில் பொறுப்பு, பள்ளி விழாவில் பரிசு வழங்கியது, மகளுக்கு வேலை கிடைத்தது, ஏதாவது ஒன்று. இதற்கு ‘மருந்து போடுவது’ என்று பெயர். பெரியவர் காலையில் உள்ளே நுழையும்போதே, “என்னய்யா, மருந்து போட்டாச்சா?” என்பார். கைகலப்புக்குத் தயாராகப் படியேறி வந்தவர்கள் பத்துப் பிரதி வாங்கிக்கொண்டு இறங்கிப் போனதைச் செய்தி ஆசிரியரே பார்த்திருக்கிறார். அந்த மருந்து ஒரே ஒருமுறை விஷமானதையும் பார்த்திருக்கிறார்.

விளம்பரப் பிரிவிலிருந்து தொலைபேசி அடித்தது. “சார், ஒரு அம்மா வந்திருக்காங்க. மரண அறிவிப்பு. போட்டோ கேட்டா, உங்ககிட்டதான் இருக்குங்கறாங்க. எனக்கு ஒண்ணும் புரியல, அனுப்பி வைக்கறேன்.”

வந்தவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஏதோ அலுவலகத்துக்குப் போகிற வழியில் வந்தவர்போலத் தோளில் பையும் கையில் சாப்பாட்டு டப்பாவும் வைத்திருந்தார். எழுதி வந்த தாளை நீட்டினார். பெயர், வயது எண்பத்துநான்கு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். செய்தி ஆசிரியர் பெயரை இரண்டு முறை படித்தார்.

“அப்பாவுக்கு வீட்ல போட்டோவே இல்ல சார்.”

“ஒண்ணுகூடவா?”

“என் கல்யாண ஆல்பத்துல முதுகு இருக்கு. கேமராவக் கண்டா எந்திரிச்சுப் போயிடுவாரு. பென்ஷன் புத்தகத்துல ஒட்டினதைக்கூட உரிச்சுப் போட்டுட்டாரு. அம்மா திட்டுவாங்க, பெரிய சினிமா ஸ்டார், மூஞ்சியக் காட்டமாட்டாருன்னு.” சிரிக்கப் பார்த்து, பாதியில் விட்டார். “விருது வாங்கினப்ப உங்க பேப்பர்ல ஒண்ணு வந்துச்சு. அது கிடைக்குமா?”

“உக்காருங்கம்மா” என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து நின்றார். எங்கே போக எழுந்தார் என்பது அவருக்கே தெரியவில்லை.

முப்பத்தொரு வருடம் ஆகிறது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கூரை இடிந்து இரண்டு பிள்ளைகள் இறந்தனர். எச்சரிக்கைக் கடிதங்களைக் கிடப்பில் போட்ட தலைமையாசிரியர் கைது. பக்கம் முடிகிற நேரத்தில் செய்தி வந்தது, படம் வேண்டும் என்றார்கள். அப்போது படங்களைத் துத்தநாகத் தகட்டில் அச்சுக்கட்டையாகச் செய்து இழுப்பறையில் அடுக்கியிருப்பார்கள். கட்டைகள் ஆள் பெயரில் இருக்காது, பதவியின் பெயரில் இருக்கும். ஆள் மாறுவான், நாற்காலி மாறாது என்பது பெரியவர் கணக்கு. ‘தலைமையாசிரியர்’ என்று எழுதிய உறையில் ஒரே ஒரு கட்டைதான் கிடந்தது. நாளிதழின் இருபத்தேழு வயது உதவி ஆசிரியர் அதை எடுத்துக் கொடுத்தார். அது நான்கு மாதம் முன்பு விருது வாங்கிய வேறொரு தலைமையாசிரியருடையது.

மறுநாள் தவறு தெரிந்தது. பெரியவர் சத்தம் போடவில்லை. ஐந்தாம் நாள் மருந்து போடச் சொன்னார். ‘மாவட்டக் கல்விக் குழுவில் பொறுப்பு’ என்று நான்கு வரியை அதே உதவி ஆசிரியர்தான் எழுதினார். கட்டையும் அதேதான். கீழே இருந்த பெயரை யார் படித்தார்கள்? இரண்டு பிள்ளைகளைக் கொன்றுவிட்டுக் கைதான முகம், ஐந்தே நாளில் பதவி வாங்கிக்கொண்டு அதே பக்கத்தில் பார்த்தது. மதியத்துக்குள் படத்திலிருந்தவர் வீட்டு ஜன்னல் ஒன்றிலும் கண்ணாடி இல்லை. இரண்டு வாரத்தில் குடும்பம் லாரி ஏறியது.

மகளையும் கூட்டிக்கொண்டு ஆவண அறைக்குப் போய், செய்தி ஆசிரியர் அந்த வருடத்துத் தொகுதியை இறக்கினார். பக்கம் வடிவமைக்கிற பெண் தூசியை ஊதிவிட்டுப் புரட்டினாள். விருதுச் செய்தி வந்த பக்கம் ஈரத்தில் அடுத்த பக்கத்தோடு ஒட்டிக்கிடந்தது. கல்விக் குழுச் செய்தியில் மை அப்பிப் பாதி முகம் கறுப்பாக இருந்தது. இடையில் ஒரு பக்கத்தில் அவள் நின்றாள்.

“இது சூப்பரா இருக்கு சார். மூக்குக்கண்ணாடிகூடத் தெளிவாத் தெரியுது. இதையே ஸ்கேன் பண்ணிடவா?” பிறகுதான் மேலே தலைப்பைப் பார்த்தாள். அவள் கை பக்கத்தை மூடப் போனது.

மகள் அந்தக் கையைத் தடுத்தார். குனிந்து தலைப்பை முழுக்கப் படித்தார். “இதையே எடும்மா. அப்பா இதுல நல்லாத்தான் இருக்காரு.”

“அந்தப் படத்தை எடுத்துக் கொடுத்தது நான்தாம்மா” என்றார் செய்தி ஆசிரியர்.

மகள் நிமிராமலே கேட்டார்: “ரெண்டாவது வந்துச்சே, அந்தப் பொறுப்புச் செய்தி. அது யாரு?”

“அதையும் நான்தான் எழுதினேன்.”

“மொதல் நாளு அப்பா சிரிச்சாரு சார். கண்ணாடி போட்ட வாத்தியாரெல்லாம் இவனுங்களுக்கு ஒண்ணுபோலன்னாரு. நாளைக்குச் சரி பண்ணிடுவாங்கன்னாரு. தினமும் காலையில வாசல்லயே நின்னு பேப்பர் வாங்குவாரு. நாலு நாள் நின்னாரு.” பையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார். “நான் போட்டோவுக்குத்தான் வந்தேன். நீங்க இதச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.”

செய்தி ஆசிரியர் தன் இடத்துக்கு வந்து அறிவிப்பைத் தட்டச்சு செய்தார். அதன் கீழ் ஐந்து வரி சேர்த்தார். எந்தத் தேதியில், யார் கைதுக்கு, யார் படம் வெளியானது. அது யார் தவறு. ஐந்தாம் நாள் அதை எப்படி மறைக்கப் பார்த்தோம். முப்பத்தெட்டு வருட வேலையில் ஐந்து வரிக்கு இவ்வளவு நேரம் பிடித்ததில்லை. தாளோடு முதலாளி அறைக்குப் போனார். முதலாளியின் கையெழுத்து இல்லாமல் எந்தப் பக்கமும் அச்சுக்குப் போகாது.

முதலாளி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “இதுல ‘வருந்துகிறோம்’னு இருக்கே.”

“ஆமா சார்.”

“எங்கப்பா சாகறவரைக்கும் போடாத வார்த்தை. அந்த வழக்கத்தையும் சேர்த்துல்ல எழுதியிருக்கீங்க. மலர்ல நான் கொடுத்த வரி?”

“எடுத்துட்டேன்.”

“இத்தனை வருஷம் சும்மா இருந்துட்டு, ரிட்டயர் ஆகப்போற சமயத்துல உங்களுக்கு நியாயம் பொத்துக்கிட்டு வருதா?”

“லேட்டுதான் சார்” என்றார்.

முதலாளி பேனாவைத் திறந்தார், மூடினார். “கொஞ்ச நேரம் கொடுங்க” என்றார். செய்தி ஆசிரியர் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தார்.

வடிவமைப்பு மேசையில் தலைமையாசிரியரின் முகம் திரை முழுக்கப் பெரிதாகியிருந்தது. தலைப்பும் பெயரும் வெட்டுப்பட்டுப் போயிருந்தன. மகள் திரைக்கு மிக அருகில் நின்று அப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார். பழைய அச்சுப் படம் என்பதால் அவ்வளவு கிட்டத்தில் வெறும் கறுப்புப் புள்ளிகள்தான் தெரிந்தன. கண் எது, மீசை எது என்று பிரிக்க முடியவில்லை.

“பின்னாடி வந்து பாருங்கக்கா” என்றாள் வடிவமைக்கிற பெண்.

மகள் ஓரடி பின்வாங்கினார். பிறகு இன்னும் ஓரடி. நாற்காலிகளைக் கையால் தடவி விலக்கியபடி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், பின்னாலேயே நடந்து நடந்து அறையின் கடைசிச் சுவர் வரை போனார். சுவரில் முதுகு பட்டதும் நின்றார். சாப்பாட்டு டப்பாவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று பார்த்தார்.