எதிர்ப்பக்கம் நின்றவள்

கிளவுஸ் கம்பெனியில் கைகளுக்குப் பஞ்சமே கிடையாது. பீங்கானில் செய்த வெள்ளைக் கைகள் சங்கிலியில் தலைகீழாகத் தொங்கி வரும். ரப்பர் பாலில் முங்கி எழும். சூட்டில் காய்ந்து, வெந்நீரில் குளித்து, கடைசியில் அக்காவிடம் வந்து சேரும். விரல் நுனி கிழியாமல், மேலே படிந்த ரப்பர் உறையை உருவிக் கூடையில் போடுவது அவள் வேலை. வெறுங்கை மறுபடி பாலில் முங்கப் போய்விடும்.

அங்கே வேலை செய்பவர்களிலேயே மூத்தவள் என்பதால் எல்லோருக்கும் அவள் அக்கா. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். மகன் தூரத்தில் குடும்பமாகிவிட்டான். அவன் போன் செய்தால்தான் வீட்டில் அவள் வாய் திறப்பாள். கம்பெனியிலோ காதில் பஞ்சு வைக்கும் அளவுக்கு இரைச்சல்.

ஆனால் சங்கிலிக்கு அந்தப் பக்கம் ஒல்லி நின்றாள். உடம்பைப் பார்த்து மற்றவர்கள் வைத்த பெயர். ஒருத்தி சாப்பிடப் போனால் மற்றவள் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். வேலை முடிந்தால் ஆளுக்கொரு திசையில் பஸ். அதனால் அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம், தொங்கும் கைகளுக்கு மேலாக, சைகையில்தான்.

ஒல்லி அடிக்கடி உள்ளங்கையை இடுப்பளவில் தாழ்த்திக் காட்டி முகம் சுளிப்பாள். இவ்வளவு உயரத்தில் ஒரு மகள், பாடாய்ப் படுத்துகிறாள் என்று அக்கா எடுத்துக்கொண்டாள். சரியாகிவிடும் என்று தலையசைப்பாள். அந்தப் பிள்ளையின் சேட்டைகளை, பாதி தானாகச் சேர்த்து, போனில் மகனிடம் கதை கதையாய்ச் சொல்வாள். வருஷக் கணக்காகப் பிள்ளை இடுப்பளவிலேயே நிற்கிறதே என்று ஒருமுறை தோன்றியது. குள்ள வம்சமாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

ஒருநாள் மோட்டார் புகைந்து சங்கிலி நின்றது. அத்தனை கைகளும் அசையாமல் தொங்கின. அக்கா காதுப் பஞ்சை எடுத்தாள். பேசுவதற்கு ஏனோ கூச்சமாக இருந்தது.

"பொண்ணு இப்ப எப்படி இருக்கா?"

"எந்தப் பொண்ணுக்கா?"

அக்கா இடுப்பளவில் கையைக் காட்டினாள். ஒல்லி முழித்தாள்.

"எனக்குப் புள்ளையே இல்லக்கா. அது ஸ்டூலு. கால் கடுக்குது, நீங்க சொன்னா சூப்பர்வைசர் கேப்பாருன்னு கேட்டேன். நீங்களும் சரி சரின்னு தலையாட்டுனீங்க."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அடுத்து என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை. மோட்டார் திரும்ப ஓடத் தொடங்கியபோது அக்காவுக்கு அப்பாடா என்றிருந்தது.

சாயங்காலம் மகன் கூப்பிட்டான். சாப்பாடு, உடம்பு எல்லாம் விசாரித்துவிட்டு, அந்தக் குட்டி புதிதாக என்ன செய்தாள் என்று கேட்டான்.

"அவங்க வீடு மாத்திப் போயிட்டாங்கப்பா."

அதன்பிறகு அவனுக்கும் கேட்க ஒன்றும் இல்லை. போன் சீக்கிரமே முடிந்துவிட்டது.

மறுநாள் அக்கா சூப்பர்வைசரிடம் போய் நின்றாள். இவ்வளவுதானே என்று அவர் ஸ்டோர் ரூமிலிருந்து ஒரு ஸ்டூலை எடுத்துக் கொடுத்தார். ஒல்லி நெஞ்சில் கை வைத்து நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவள் முகம் பீங்கான் கைகளுக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

அக்கா குனிந்து பார்த்தாள். விரல்களுக்கு நடுவே ஒரு கன்னம் மட்டும் தெரிந்தது. அதற்குள் அடுத்த கை வந்துவிட, நிமிர்ந்து உறையை உருவத் தொடங்கினாள்.