பிசகாத பன்னிரண்டு பெயர்கள்

"கொல்ல வாறவை எதுக்கம்மா முதல்ல பேரைக் கேக்கினம்?"

ஏழு வயதில் ஜென்சி இப்படிக் கேட்டபோது அவளும் தாயும் மன்னாருக்குப் போகிற பஸ் ஒன்றில் சீற்றுக்கு அடியில் கிடந்தார்கள். துவக்கோடு ஏறியவர்கள் ஒவ்வொருவராகப் பெயர் கேட்டார்கள். ஆறு பேரை இறக்கி, வீதியோரத்தில் முழங்காலில் இருத்திச் சுட்டார்கள். தாய் மகளின் வாயைப் பொத்தினாள்.

இப்போது அவளுக்கு நாற்பத்தொரு வயது. மொன்றியலில், அகதி வழக்குகள் மட்டும் எடுக்கிற ஒரு சின்னச் சட்ட அலுவலகத்தில் பதினொரு வருடமாக வேலை செய்கிறாள். வந்தவர்கள் சொல்லும் சாவுகளைப் பிரெஞ்சில் தட்டச்சு செய்வதுதான் வேலையில் பாதி. ஒவ்வொரு வாக்குமூலத்தையும் தொடங்குமுன் மேசைக்குக் கீழே, யாருக்கும் தெரியாமல், பெருவிரலால் மடியில் ஒரு சின்னச் சிலுவை போட்டுக்கொள்வாள். செத்தவர்களிடம் உத்தரவு கேட்பதாக அவளுக்கு எண்ணம்.

லிபானின் வழக்கு அந்த மாரியில் வந்தது. இருபத்தேழு வயதுச் சோமாலியன். துமால் என்று சொல்லப்படும் இரும்புக்கொல்லர் பிள்ளை. தனக்கு மேலே என்று சொல்லப்பட்ட பெரிய குலத்துப் பெண்ணை மணந்தான். பெண்ணின் அண்ணன்மார் வந்து அவனுடைய தகப்பனையும் தம்பியையும் கொன்றார்கள். அவன் தப்பி வந்தான். இந்தக் கதை ஜென்சிக்குப் புதிதல்ல. இடத்தின் பெயர்தான் புதிது.

ஆனால் விசாரணையில் அது நொறுங்கியது. சோமாலியப் பிள்ளைகளுக்குப் பேசத் தொடங்கியதும் தகப்பன், பாட்டன், பூட்டன் என்று முன்னோரின் பெயர்களை வரிசையாகப் பாடமாக்கிக் கொடுப்பார்கள். எழுத்து இல்லாத காலத்தில் அதுதான் அவர்களின் வரலாற்றுப் புத்தகம். எல்லையில் வந்திறங்கிய அன்று அதிகாரி கேட்டதற்கு லிபான் பன்னிரண்டு பெயர்களைச் சொல்லியிருந்தான். அத்தனையும் அந்தப் பெரிய குலத்தின் பாட்டன்மார். அந்தக் குலத்துப் பிள்ளைதான் அப்படிப் பிசகாமல் சொல்ல முடியும், ஆகவே நீ கொல்லன் இல்லை, உன்னை யாரும் தேடவும் இல்லை என்று விசாரணை அதிகாரி சொன்னார். மாற்று ஆதாரம் இருந்தால் கொண்டுவர மூன்று கிழமை தவணை கொடுத்தார். இல்லாவிட்டால் அவனைத் திருப்பி அனுப்புவார்கள். அண்ணன்மார் நாலு பேரும் இன்னும் அதே ஊரில்தான் இருந்தார்கள்.

வழக்கறிஞர் ரதீசன் ஜென்சியைவிட ஆறு வயது இளையவன். கோப்பை அவளது மேசையில் வைத்தான்.

"அக்கா, கொல்லற்ற பிள்ளையளும் பெரிய ஆக்களின்ர பேரைத்தான் பாடமாக்கிறவை எண்டு எங்கையாவது ஒரு வரி எழுதியிருக்க வேணும். நீங்கள் தேடினால் புத்தகம் பயத்தில தானா வெளியில வரும்."

புத்தகங்கள் வந்தன, அந்த வரி வரவில்லை. நகரத்து நூலகத்திலும் பல்கலைக்கழக நூலகத்திலும் ஜென்சி ஒன்பது நாள் இருந்தாள். ஒட்டகத்தில் போன வெள்ளைக்காரத் தளபதிகளின் குறிப்புகள், இத்தாலியரின் வரி அறிக்கைகள், ஆறு மடிப்பாக விரிகிற குலமரங்கள். போர்த்தலைவர்களுக்கு அத்தியாயம் அத்தியாயமாக இடம் இருந்தது. கொல்லருக்கு ஒரு அடிக்குறிப்பு: 'தொகையில் சிறியோர், தாழ்ந்தோர்.' அந்த ஈட்டிகளை எல்லாம் யார் அடித்துக் கொடுத்தது என்று எழுதியவர் எவரும் யோசிக்கவில்லை. வேறு நாட்டிலிருந்த ஒரு பேராசிரியருக்கு எழுதினாள். அப்படி ஒரு வழக்கம் இருந்ததாகத் தானும் கேள்விப்பட்டதுண்டு, அந்தப் பகுதியைப் பற்றி உறுதியாகச் சொல்லமாட்டேன் என்று அவர் மரியாதையாகப் பதில் போட்டார்.

சோமாலியச் சங்கத்துக்கும் போனாள். ஏலக்காய்த் தேநீர் கொடுத்தார்கள். நாங்கள் எல்லாரும் ஒன்று, அந்த வித்தியாசமெல்லாம் அந்தக் காலம் என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். பக்கத்து லவாலில் கலியாணப் பேச்சுக்குப் போன வீடுகளிலும் சாதியை நேரே கேட்காமல், அதே சிரிப்போடுதான், "மன்னாரில எந்தப் பங்கு? எந்தக் கோயிலடி?" என்று கேட்பார்கள். கேட்டுவிட்டு, அதெல்லாம் இப்ப ஆர் பாக்கினம் என்பார்கள்.

பத்தாம் நாள் லிபானையே திரும்பக் கூப்பிட்டாள். மொழிபெயர்க்க யூசுப் வந்தார். நாற்பத்தேழு வயது, நோத்ர-டாம்-த-கிரேஸில் குடியிருந்துகொண்டு டாக்சி ஓடுபவர். அலுவலகம் கூப்பிட்டால் காரை நிறுத்திவிட்டு வந்து சோமாலியைப் பிரெஞ்சாக்கிக் கொடுப்பார். அவர் இருக்கும்போது லிபான் தலை நிமிர்வதே இல்லை. கூச்சம் என்று ஜென்சி நினைத்திருந்தாள்.

அந்தப் பெயர்களை ஏன் சொன்னாய் என்று கேட்டாள். லிபான் மேசையின் விளிம்பைப் பார்த்தபடி சொன்னான். யூசுப் வசனம் வசனமாகத் தந்தார்.

வரிசையைச் சொல் என்று யார் கேட்டாலும் எங்கள் வாய் அதைத்தான் சொல்லும் என்றான். எங்களுக்குச் சொந்தமாக நாலு பெயர்தான் தெரியும். நாலு பெயரோடு எந்தச் சந்தியையும் கடக்க முடியாது. அதனால் நாங்கள் யாருடைய நிழலில் இருந்தோமோ அவர்களுடைய பாட்டன்மாரைப் பாடமாக்கினோம். பிசகினால் அப்பா சூட்டுக்கோலைக் காட்டுவார்.

பிறகு, முதல் வாக்குமூலத்தில் சொல்லாததையும் சொன்னான்.

மணம் முடித்துப் பதினேழாம் நாள் அண்ணன்மார் பட்டறைக்கு வந்தார்கள். லிபான் கரிக்குவியலுக்குப் பின்னால் விழுந்து கிடந்தான். அவர்கள் தகப்பனின் வலக்கையை இரும்படிக்கும் அடைகல்லில் வைத்து, வரிசையைச் சொல் என்றார்கள். பயத்தில் அவருடைய வாய் பழகியதைச் சொன்னது. முதல் பெயருக்கு, அவருடைய சுத்தியலாலேயே பெருவிரலில் அடித்தார்கள். எங்கள் பாட்டனை உன் வாயால் சொல்வாயா என்று கேட்டார்கள். கேட்டுவிட்டு, அடுத்ததைச் சொல் என்றார்கள். ஒரு பெயருக்கு ஒரு அடி. விரல்கள் முடிய மணிக்கட்டு, மணிக்கட்டு முடிய முழங்கை. தகப்பன் கத்தினார், ஆனால் ஒரு பெயரும் பிசகவில்லை. பத்தாவது பெயருக்குச் சுத்தியல் தலையில் இறங்கியது. சத்தம் கேட்டுத் தண்ணீர்க் கலனோடு ஓடிவந்த தம்பியைக் கழுத்தில் சுட்டார்கள். மிச்சம் இருந்த இரண்டு பெயரையும் லிபான் கரிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு தான் சொல்லி முடித்தான். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது என்றான்.

அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லச்சொல்லி ஜென்சி கேட்டாள். லிபான் சொன்னான். யூசுப்பிடமிருந்து சத்தம் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது அவருடைய உதடு வெளிறிப்போயிருந்தது. எழுந்து, கோட்டைக் கையிலே எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

லிபான் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னான். "அவை அவருடைய பாட்டன்மார். முதல் நாளே பேச்சில் தெரிந்துகொண்டேன்."

ஜென்சி எழுதுவதை நிறுத்தினாள். பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எவரிடமும் கேட்பதில்லை என்று இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரு விரதம் வைத்திருந்தாள். அது மற்றவர்களுக்குத் தான் கொடுக்கும் மரியாதை என்று பெருமையும் பட்டிருந்தாள். அந்த மரியாதையால்தான், சுத்தியல் பிடித்தவர்களின் இரத்த உறவை அடிபட்டவனின் மகனுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தியிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் யூசுப் தனியே வந்தார். வெளியே பனி கொட்டியது. கையுறைகள் நனைந்து தொங்கின. கோபத்தோடுதான் ஜென்சி கதவைத் திறந்தாள். ஆனாலும் பழக்கத்தில் கை நீட்டிக் கையுறைகளை வாங்கி ஹீற்றரின் மேல் விரித்துவிட்டாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் பேசத் தொடங்கினார்.

சோமாலியாவில் சண்டை வந்த வருடம் அவருக்குப் பதினாலு வயது. துவக்கோடு சந்தியை மறித்து நின்ற பெரியப்பா மகன்மார், ஞாபகசக்தி உள்ளவன் என்று அவரை அங்கே நிறுத்தினார்கள். பிடித்துவரும் ஆண்கள் வரிசையைச் சொல்ல, சரியா பிழையா என்று பார்த்துச் சொல்வது அவருடைய வேலை. பிழை என்றால் சுவருக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போவார்கள். இரண்டாம் நாள் தன் சொந்தக் குலத்துப் பிள்ளை ஒருவன் எட்டாவது பெயரில் தடக்குப்பட்டான். அவனைத் தெரிந்த ஒருவர் ஓடிவந்ததால் உயிர் மிஞ்சியது.

"அப்போது எனக்கு ஒன்று விளங்கியது, மடாம். எங்கள் பிள்ளைகள் தடக்குவார்கள். அவர்களுக்குப் பயமில்லை, அதனால் ஒழுங்காகப் பாடமாக்குவதில்லை. ஒரு இடத்திலும் தடக்காதவன் கொல்லர் பிள்ளை. அவன் உயிருக்காகப் படித்தவன்." அவர் கைகளை முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டார். "நான் கெட்டித்தனம் காட்டினேன். அதை அவர்களுக்குச் சொன்னேன். என்னைத் தூக்கிக் கொஞ்சினார்கள். அதற்குப் பிறகு, பிசகாமல் சொன்னவர்களையும் சுவருக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்."

எத்தனை பேர் என்று கேட்டாள்.

"நாலு நாளில் ஒன்பது. ஒருவன் என் வயது. நகத்துக்குள் கரி. கடைசிப் பெயரைச் சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான், தப்பிவிட்டேன் என்று."

ஜென்சி எழுந்து கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டினாள். கைகழுவும் தொட்டியை இரண்டு கையாலும் பிடித்தாள். பஸ்ஸில் பெயர் கேட்டவனுக்கும் மீசை முளைத்திருக்கவில்லை. இந்த மனிதரின் முகத்தில் காறித் துப்ப வேண்டும் என்று அவளுக்கு வந்தது. ஆண்டவரே, என்னை அந்த அறைக்குள் திரும்பப் போகவிடாதேயும் என்றுதான் முதலில் செபித்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பிப் போனாள்.

மேசையில் யூசுப் எடுத்துவைத்த ஒரு பழைய ஒலிநாடாக் கசெற் இருந்தது. சண்டைக்கு முந்திய வருடம் குலக்கூட்டம் ஒன்றில் பதிந்து, பிறநாட்டில் இருந்த உறவுகளுக்கு அனுப்பியது என்றார் யூசுப். அதில் அவருடைய பெரிய தாத்தா இளைஞர்களுக்கு ஏசுகிறார்: நம் நிழலில் கிடக்கிற கொல்லனின் பிள்ளை நம் பாட்டன்மாரைப் பன்னிரண்டு வரைக்கும் தடக்காமல் சொல்கிறான், உங்களுக்கு எட்டில் நாக்கு ஒட்டுகிறது, வெட்கமில்லையா? யூசுப்புக்குச் சந்தியில் அந்த யோசனை வந்ததும் இந்த ஏச்சிலிருந்துதான்.

ஒன்பது நாளாக எந்த நூலகத்திலும் கிடைக்காத வரி அது. யாரும் வரலாறு என்று நினைத்துச் சொன்னதில்லை. ஒரு கிழவரின் கோபம்.

தானே வந்து சாட்சி சொல்வதாகவும், சந்தியில் நடந்ததையும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதாகவும் யூசுப் சொன்னார். ஜென்சியின் கையில் பேனா இருந்தது. அதை எழுதினால் என்ன நடக்கும் என்று எடுத்துச் சொன்னாள். அவருடைய குடியுரிமைக் கோப்பைத் திறப்பார்கள். மூன்று பிள்ளைகளும் இங்கே பிறந்தவர்கள்.

"தெரியும்," என்றார்.

ஒன்பது பேருக்காக மன்னிக்கும் உரிமை அவளிடம் இல்லை. அது அந்த ஒன்பது பேரிடம் இருந்தது. அவர்களை எங்கே போய்க் கேட்பது? தன்னிடம் இருந்தது இந்தப் பேனா மட்டும்தான் என்று நினைத்தாள். மூடியைப் போட்டாள்.

"கசெற் பேசட்டும். நீங்கள் பேச வேண்டாம்."

புறப்படும்போது கையுறைகளை எடுத்துக் கொடுத்தாள். காய்ந்து சூடாக இருந்தன. அவர் அவற்றைப் போடாமல், முகத்தில் வைத்தபடி நின்றார்.

ரதீசன் கசெற்றைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஆர் தந்தது?"

"அந்தக் குலத்து ஆள் ஒருத்தர்."

"பேர்?"

"பேர் கேக்காதையும் ரதீசன்."

"பேரில்லாத ஆளை நான் என்னெண்டு சாட்சிக்குக் கூப்பிடுறது?"

"கூப்பிட வேண்டாம். கிழவர் கத்துறார். அது காணும்."

வேறு நகரத்து மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கொண்டு அதை எழுத்தாக்கினார்கள். வாசித்துப் பார்த்துவிட்டு, தேவாரம் பாடமில்லை என்று அப்பா தனக்கு ஏசியதுபோலவே இருக்கிறது என்று சிரித்தான் ரதீசன். ஆனால் கூடவே இருந்த லிபானின் வாக்குமூலத்தின் கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது சிரிப்பை விட்டுவிட்டான். அசல் கசெற்றைத்தான் பார்க்கவேண்டும் என்று விசாரணை அதிகாரி கேட்டார், அனுப்பினார்கள். லிபானின் புதிய வாக்குமூலமும், தகப்பனின் கையைப் பற்றிய பக்கமும் கூடவே போயின.

ஐந்து கிழமையில் கடிதம் வந்தது. ஏற்றுக்கொள்ளப்பட்டது. லிபான் கடிதத்தை வாசிக்காமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டான். மனைவியைக் கூப்பிட எவ்வளவு காலம் எடுக்கும் என்று கேட்டான். பிறகு, கசெற் தந்தவர் யார் என்று கேட்டான். உங்கள் நாட்டு மனிதர் ஒருவர் என்று மட்டும் ஜென்சி சொன்னாள். அவருக்காகத் தொழும்போது பெயர் இல்லாமல் தொழலாமா என்று லிபான் கேட்டான். தொழலாம் என்றாள்.

யூசுப் அதன் பின் அலுவலகத்துக்கு வரவில்லை. மொழிபெயர்ப்பை விட்டுவிட்டதாகக் குறுஞ்செய்தி ஒன்று அனுப்பியிருந்தார். கசெற்றைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. முடிந்த கோப்பில் இருக்கும் சாமானைத் திருப்பி எடுப்பது லேசான வேலை இல்லை. ஜென்சி மூன்று கடிதம் எழுதினாள். இரண்டு தரம் நேரில் போய் வரிசையில் நின்றாள். ஆடி மாதத்தில்தான் அது வந்தது, ஒரு பக்கத்து மூலை வெடித்தபடி.

நல்லாக இருக்கிறதா என்று பார்க்கப் பங்குக் கோயில் பாடகர் குழுவில் கிடந்த, கசெற் ஓடுகிற பழைய றேடியோவில் போட்டாள். கிழவரின் பக்கம் சரியாக ஓடியது. மறுபக்கத்தையும் திருப்பினாள். அங்கே ஒரு பெண்குரல், தாயாக இருக்கவேண்டும். பின்னால் ஆடுகள் கத்தின. அவளுக்குச் சோமாலி தெரியாது, ஆனால் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது: யூசுப், யூசுப். அந்தப் பெண் ஏதோ கேட்டாள், தானே சிரித்தாள், பிறகு ஒரு பிள்ளைக்குப் பாடுவதுபோல இழுத்துப் பாடினாள். பாட்டு நடுவில் அறுந்து நாடா வெறுமனே ஓடியது. அந்த மனிதர் இதைப் பற்றி வாய் திறக்கவே இல்லை.

மறுநாள் ஆற்றுக்கு அக்கரைப் புரோசார்ட்டில் ஒரு பழுதுபார்க்கும் கடைக்குப் போய், நாடாவைப் புதுக் கூட்டுக்கு மாற்றுவித்தாள். இரண்டு பக்கத்தையும் ஒரு பென்டிரைவிலும் ஏற்றுவித்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் நோத்ர-டாம்-த-கிரேஸுக்குப் போனாள். டாக்சிக்காரர்கள் எல்லாரும் ஓட்டத்தில் இருக்கும் நேரம். அவர் குடியிருந்த கட்டடத்துக்கு முன்னால் கார் இல்லை. உள்வாசலில் பித்தளைக் கடிதப்பெட்டிகள் வரிசையாக இருந்தன. கசெற்றையும் பென்டிரைவையும் வைத்த உறையின் மேல் அவள் ஒன்றும் எழுதவில்லை. அவருடைய பெட்டியின் வாய் ஒடுக்கம். உறையைச் சரித்து, விரலால் மெதுவாகத் தள்ளினாள். அது உள்ளே விழுந்த சத்தத்தைக் கேட்டுவிட்டு, மணியை அடிக்காமல் வெளியே வந்து, வெயிலில் மெத்ரோவுக்கு நடந்தாள்.