தலைக்கட்டு வரி கட்டிய எகிப்துக்காரன்

1946, வைகாசி மாதத்துச் சனிக்கிழமை சாயங்காலம். தாராவியில் தோல் கிடங்கு மேஸ்திரி அய்யாத்துரையின் வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஒரே நாற்காலியில், மாதுங்காவிலிருந்து வந்திருந்த கல்லூரி குமாஸ்தா பஞ்சாபகேசன். எதிரே டிரங்குப் பெட்டியின் மேல் அய்யாத்துரை. அடுப்படி ஓரமாக, எல்லார் மேலும் கண் வைக்க வசதியாக, அவர் மனைவி பார்வதியம்மாள். அவள் முதுகுக்குப் பின்னால் மறைந்தும் மறையாமலும் மகள் பேராச்சி. வாசற்படியில் செல்லப்பாண்டி. தான் மாப்பிள்ளைதானா என்பது அவனுக்கே இன்னும் தெரியாது. உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை.

எல்லாம் பஞ்சாபகேசனின் மடியில் இருந்த பழுப்புத் துண்டால் வந்த வினை. உள்ளங்கை அகலம், நாணலைப் பிளந்து ஒட்டிச் செய்த பழங்காலக் காகிதம். சண்டைக் காலத்தில் எகிப்தில் பட்டாளத்து லாரி ஓட்டிய செல்லப்பாண்டி, கெய்ரோ கடைத்தெருவில் இரண்டு சட்டைகளைக் கொடுத்து அதை வாங்கினான். ராஜா எழுதிய கல்யாண ஓலை, இதை வைத்திருப்பவனுக்கு நல்ல பெண் அமையும் என்றான் விற்றவன். பெண்ணும் அமைந்தது. பெண் பார்த்த அன்று பெருமையாக எடுத்துக் காட்டியவன், சும்மா இருக்காமல், "பொணத்தைச் சுத்தி வச்சிருந்ததாம் அத்தே" என்று உள்ளதைச் சொல்லித் தொலைத்தான்.

அதோடு பேச்சு நின்றது. செய்வினை வைத்த வீட்டுக்கு மகளை அனுப்ப மாட்டேன், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியட்டும் என்றுவிட்டாள் பார்வதியம்மாள். ஊரில் அவன் அம்மா, தேதி எழுதிய கடிதம் வந்தால் பந்தலுக்குச் சொல்லக் காத்திருந்தாள். ஆனி போனால் ஆடி. ஆடியில் யார் தாலி கட்டுவது?

எழுத்து கிரேக்க எழுத்தாக இருக்கவே, பஞ்சாபகேசன் அந்தத் துண்டைத் தன் கல்லூரியில் கிரேக்கம் படித்த பாதிரியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். மூன்று வாரம் கழித்து இன்றுதான் பதில் வந்திருந்தது.

"எழுதி ஆயிரத்தெண்ணூறு வருஷம் இருக்கும்ங்கறார். படிக்கட்டுமா?"

"படிங்க சாமி" என்றார் அய்யாத்துரை.

"'ஹோரோஸ் என்பவன். தகப்பனார் பெத்தேசிஸ். தாயார் தாயேசிஸ்...'"

"ஆத்தா பேரு போட்டிருக்கா?" பார்வதியம்மாள் நிமிர்ந்தாள். "முடிஞ்சுது! செய்வினை வைக்கவன்தான் ஆத்தா பேரைக் கேப்பான்."

பஞ்சாபகேசன் கையை உயர்த்தினார்.

"கொஞ்சம் பொறுங்கோம்மா. 'தோல் வேலை பார்ப்பவன். ஆட்சியின் ஒன்பதாம் வருஷத்துத் தலை வரியும் தொழில் வரியும், மொத்தம் இருபது வெள்ளி கட்டினான். பாக்கி இல்லை.' கீழே வாங்கினவன் கையெழுத்து. அவ்வளவுதான்."

"அப்ப ராஜா?" என்றான் செல்லப்பாண்டி.

"ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை. வரி கட்டின ரசீது, ஓய்!"

போன இரண்டு சட்டைகளும் அவன் கண்முன் வந்து நின்றன.

அய்யாத்துரையோ துள்ளி எழுந்தார். அவர் பின்னால் சுவரில் ஒரு கொக்கிக் கம்பி. அதில் இருபது வருஷத்து ரசீதுகள் குத்தித் தொங்கின. அம்மன் கொடை விழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று போடும் தலைக்கட்டு வரியை அவர் கட்டவே இல்லை என்று ஒரு வருஷம் கணக்குப்பிள்ளை கூட்டத்தில் சொல்லிவிட்டான். ரசீதை அவன் மூக்குக்கு நேரே நீட்டிய நாளிலிருந்து அவர் ஒரு துண்டுக் காகிதத்தையும் எறிந்ததில்லை.

"ஏளா பார்வதி! எந்த மந்திரவாதி துட்டு வாங்கிட்டு ரசீது குடுத்திருக்கான்? போன வருசம் ஒன் இடுப்பு வலிக்கு வேப்பெல அடிச்சானே, அவன் குடுத்தானா?"

பேராச்சி 'களுக்'கென்று சிரித்துவிட்டாள். பார்வதியம்மாள் திரும்பி முறைத்தாள். முறைப்பு பாதியிலேயே சிரிப்பாகிவிட்டது.

"நம்ம ஆளுல்லா இவன்!" அய்யாத்துரைக்குத் தலைகால் புரியவில்லை. "தோல் வேலை, தலைக்கட்டு வரி, பாக்கி இல்ல. செத்தும் ரசீதை விடல பாத்தியளா!" என்று துண்டை எடுத்துக்கொண்டு நேரே கம்பிக்குப் போனார்.

"மாமா, குத்திராதிய!"

ஒரே தாவில் செல்லப்பாண்டி உள்ளே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உள்ளதான் வந்தாச்சுல்லா, இரிங்க மாப்ள" என்றாள் பார்வதியம்மாள். "காப்பி போடுதேன்."

ஆறு மணித் தபாலுக்கு அரை மணிதான் இருந்தது. பஞ்சாபகேசன் பேனாவைத் திறந்தார். ஆனி பதினெட்டு என்று முடிவாயிற்று.

"சாமி, பேராச்சிக்குத் தகப்பனார் பேரை மட்டும் எழுதாதிய. அந்த ஊர்ல மாதிரி தாயார் பேரும் போடுங்க" என்றாள் பார்வதியம்மாள்.

"செய்வினைக்காரன்தான் கேப்பான்னியே?" என்றார் அய்யாத்துரை.

"ரசீது குடுக்கவங்களும் கேக்கலாம்."

பேராச்சி கடிதத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவினாள். பார்வதியம்மாள் சோற்றுப் பருக்கையை நசுக்கி உறையை ஒட்டினாள். செல்லப்பாண்டி அதை வாங்கிக்கொண்டு காப்பியை மறந்து ஓடினான்.

ஸ்டேஷன் பக்கத்தில் தபால்காரர் பெட்டியைக் காலி செய்து பூட்டிக்கொண்டிருந்தார். அவன் உறையை நேரே அவர் கையில் திணித்தான். உறையில் பதிந்திருந்த மஞ்சள் விரல் தடத்தைப் பார்த்து அந்த மராட்டிக்காரர், "லக்னா?" என்று, கல்யாணமா எனக் கேட்டார்.

"ஹோ! ஹோ!" என்று மராட்டியிலேயே ஆமாம் போட்டான் செல்லப்பாண்டி, மூச்சு வாங்க.

அவர் சிரித்துக்கொண்டே அதைப் பைக்குள் போட்டு, வாயை இறுக்கிக் கட்டினார்.