வேலை மறந்த வைரஸ்

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதர்களுக்கு வராது. பன்றிகளுக்கு வந்தால் சில வாரங்களில் பண்ணையே காலி. இந்த வைரஸிடம் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் உண்டு. அவற்றில் ஒன்றுக்கு ஒரே வேலை: தாக்கப்பட்ட செல் அடிக்கும் அபாய மணியின் ஒயரை அறுப்பது. அந்த மரபணுவை நான்கு வருடம் மெனக்கெட்டு வெட்டி எடுத்திருந்தாள் ஆய்வாளர். அப்படி வலுவிழந்த வைரஸையே தடுப்பூசியாகப் போட்டதும் மணி அடித்தது, பன்றியின் உடல் விழித்துக்கொண்டது, சோதித்த பன்றிகள் பிழைத்தன.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் நிறுவனத்துக்கு ஓர் இயக்குநர் இருந்தார்.

இந்த வைரஸுக்குப் பிடித்த இடம் பன்றியின் நுரையீரலில் காவல் காக்கும் செல்கள். ஊசிக்காக வைரஸை வளர்க்கும் ஆய்வகத் தட்டில் அவை பெருகாது, சில நாளில் செத்துவிடும். ஒவ்வொரு முறையும் பன்றியிடமிருந்தே புதிதாக எடுக்க வேண்டும். அறிமுக விழாவுக்கு ஏற்கெனவே தேதி குறித்துவிட்ட இயக்குநருக்கு இந்த நிதானம் பிடிக்கவில்லை.

"சிறுநீரகச் செல்லுல வளர்த்துடும்மா. அது பாட்டுக்குப் பெருகிட்டே இருக்கும்."

பெருகியது. இருபது தட்டு மாறிய பிறகு வைரஸின் மரபணுக்களை மறுபடி படித்துப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் வெட்டியது போக இன்னும் பதினாறு மரபணுக்களைக் காணோம்! காரணம் என்னவோ எளிமையானது, அழகானதும்கூட. காவல் செல்லுக்குள் பிழைக்க வைரஸ் ஏய்க்க வேண்டும், ஒளிய வேண்டும். சிறுநீரகச் செல்லில் ஏய்ப்பதற்கு ஆளே இல்லை. அதனால் ஏய்க்கும் மரபணு தற்செயலாக உதிர்ந்தாலும் நஷ்டமில்லை. சுமை குறைந்த வைரஸ் இன்னும் வேகமாகப் பெருகி, கடைசியில் தட்டு முழுக்க அதுவே நிறைந்துவிடும். பன்றிக்குள் செலுத்தினால் அதற்கு வளரத் தெரியாது. எதிரியைப் பார்த்த ஞாபகமே பன்றியின் உடலில் பதியாது.

"ஊசி போட்ட ஆறு பன்னியும் நல்லாத்தான் இருந்துச்சு சார். அப்புறம் நிஜ வைரஸைக் கொடுத்தோம். ஆறும் போயிடுச்சு."

"ஊசியால செத்துச்சா?"

"ஊசியால ஒண்ணுமே ஆகல சார். அதான் பிரச்சனையே."

"அப்ப நூறு சதவீதம் பாதுகாப்பானதுன்னு போட்டுக்கலாம்ல?"

"குழாய்த் தண்ணியும் பாதுகாப்பானதுதான் சார்."

"குழாய்த் தண்ணிக்கு விழா எடுக்க முடியாதேம்மா!"

தீங்கில்லாத ஊசிதானே என்று அவளால் விட முடியவில்லை. முதல் ஊசிக்கென்று இயக்குநர் தேர்ந்தெடுத்திருந்தது அவளுடைய அக்கா வீட்டுக்காரரின் பண்ணை. நாற்பது சினைப் பன்றிகள். ஊசி வரப்போகிற குஷியில் மாமா, இறைச்சித் துண்டோடு வைரஸும் வரக்கூடிய ஹோட்டல் மிச்சச் சோற்றைக் கொதிக்கவைக்காமலே தீவனமாகப் போட ஆரம்பித்துவிட்டார். வாசலில் செருப்பை நனைத்துவிட்டு வரும் மருந்துத் தொட்டியும் காய்ந்து கிடந்தது.

"இனிமே அதெல்லாம் எதுக்கு டாக்டரம்மா? அதான் ஊசி வருதே!" என்று போனில் சிரித்தார்.

"எதையும் விட்டுடாதீங்க மாமா."

"நீ சின்ன வயசுலேருந்தே பயந்தாங்கொள்ளி."

அதற்குமேல் அவள் வாயைத் திறக்க முடியாது. ஆய்வு விவரங்களை வெளியே சொல்வதில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தாள். ஆனால் நிறுவனத்தில் ஒரு படிவம் உண்டு. மருந்து வெளியே போகும் முன் ஆய்வாளர் அதை நிரப்ப வேண்டும், இயக்குநர் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்திட வேண்டும், பண்ணைக்காரருக்கு ஒரு பிரதி போய்ச் சேர வேண்டும். மொத்தம் பதினேழு பக்கம். ஒன்பதாம் பக்கத்தில் 'நோய்த் தடுப்பு' என்ற கட்டத்தில் அவள் கொட்டை எழுத்தில் எழுதினாள்: 'இல்லை. சோதனையில் ஆறுக்கு ஆறும் இறந்தன.'

இயக்குநர் இதுவரை எந்தப் படிவத்தையும் படித்ததில்லை. பேனா மூடியைத் திறக்கும்போதே பக்கத்தைப் புரட்டச் சொல்லும் வேகம் அவருக்கு.

"எல்லாம் சரியா இருக்காம்மா?"

"உள்ளது உள்ளபடி இருக்கு சார்."

"வெரி குட்."

மாமா அப்படியில்லை. மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைக்கூட விரல் வைத்துப் படிக்கிற ஆள்.

விழா நாளன்று பண்ணையின் கேட் பூட்டிக் கிடந்தது. உள்ளே தீவன அண்டா தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. இயக்குநர், போட்டோகிராஃபர், ஊசிப் பெட்டியுடன் ஆய்வாளர் என்று மூவரும் வெளியே நிற்க, மாமா கம்பி இடுக்கு வழியே படிவத்தின் ஒரு தாளை நீட்டினார்.

"சார், இது உங்க கையெழுத்துதானே?"

"என்னோடதேதான்!" பெருமைக்குக் குறைவில்லை.

"மேல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் படிங்களேன். கண்ணாடிய எங்கேயோ வச்சுட்டேன்." கண்ணாடி மூக்கின் மேலேயே இருந்தது.

இயக்குநர் படித்தார். ஆய்வாளரை முறைத்தார். போட்டோகிராஃபர் இருப்பது நினைவுக்கு வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பார்த்தீங்களா? குறையைக்கூட மறைக்காம நாங்களே எழுதிக் கொடுக்குறோம். இப்படி ஒரு நிறுவனம் வேற எங்க இருக்கு?"

போட்டோ எடுக்கப்பட்டது. பூட்டிய கேட் படத்தில் விழாமல் பார்த்துக்கொண்டார்கள்.

"மறுபடி நுரையீரல் செல்லுலேயே ஆரம்பி. நான் அப்பவே சொன்னேன்ல?" என்றபடி காரில் ஏறினார் இயக்குநர். அவளை ஏற்றிக்கொள்ளாமலே கார் கிளம்பிவிட்டது.

"கதவைத் திறங்க மாமா. அக்காவைப் பார்த்துட்டுப் போறேன்."

"நீ எங்கேருந்து வர்றே?"

"லேப்லேருந்துதான்."

"அந்த வைரஸ் இருக்குற லேப்லேருந்தா?"

"ஆமா..."

"அப்ப நீயும் உள்ள வராதே. அக்காவை ரோட்டுக்கு அனுப்புறேன். அங்கேயே நின்னு பேசுங்க."

நான்கு வருடத்தில் அவள் காதில் விழுந்த முதல் புத்திசாலித்தனமான பேச்சு. உடனே ரோட்டோரமாகப் போய் நின்றாள்.