குடைக் கம்பெனியில் அடுத்த எண்

நான் கேட் காவலாக இருந்த குடைக் கம்பெனியில் ஒரு வருடம் வியாபாரம் படுத்துவிட்டது. மழை இல்லை. மேகம் வந்தாலும் எங்கள் கூரையைச் சுற்றிக்கொண்டுதான் போகும், பொய் சொல்லவில்லை. மேனேஜர் சனிக்கிழமைக்கு ஒருவராக ஆளைக் குறைக்க ஆரம்பித்தார். நூற்றிருபது பேருக்கும் சட்டையில் நம்பர் உண்டு. முதலில் மூன்றாம் நம்பர் போனான். அப்புறம் ஏழு, பதினைந்து, முப்பத்தொன்று.

கம்பி வளைக்கும் பிரிவில் வாய்ப்பாடு என்று ஒருவன். பத்திரிகையில் வரும் எண் வரிசைப் புதிருக்கு விடை கண்டுபிடிக்காமல் பல் துலக்க மாட்டான். சில நாள் மாலைவரை துலக்கியதில்லை. அவன், துணி தைக்கும் அவன் மனைவி, அவளுடைய தம்பி, மூவரும் அங்கேதான் வேலை. மூவர் சம்பளமும் சேர்ந்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மைத்துனனைப் பிடித்துக்கொண்டான்.

“மச்சான், ரெண்டால பெருக்கி ஒண்ணைக் கூட்டு. மூணு, ஏழு, பதினஞ்சு, முப்பத்தொண்ணு. அடுத்தது?”

மைத்துனன் விரல்விட்டு எண்ணிவிட்டுத் தன் சட்டையைக் குனிந்து பார்த்தான். அறுபத்து மூன்று.

“மாமா, விளையாடாதீங்க.”

“நான் எங்கடா விளையாடுறேன்? நான் அறுபத்தி ரெண்டு. மயிரிழையில தப்பிச்சேன் பாத்தியா?” என்றவன், மைத்துனன் டப்பாவிலிருந்த முட்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். “வேலை போறவனுக்கு எதுக்குடா முட்டை?”

வெள்ளிக்கிழமை மைத்துனன் மேனேஜர் காலில் விழுந்தான். “சார், ரெண்டால பெருக்கி ஒண்ணு கூட்டிடாதீங்க சார்!”

மேனேஜர் விழித்தார். அவரிடம் சூத்திரம் எதுவும் இல்லை. அந்தந்த வாரம் தன் எதிரில் தும்மியவனைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார். விவரம் கேட்டுத் தெரிந்துகொண்டதும் முகம் கறுத்தது.

“வேலை நேரத்துல உக்காந்து இந்தக் கணக்கைப் போட்டவன் எவன்?”

மைத்துனன் மூச்சு விடாமல் சொல்லிவிட்டான்.

சனிக்கிழமை தையல் கூடத்தில் எல்லோரையும் நிறுத்தி, அறுபத்திரண்டாம் நம்பரிடம் கடிதத்தை நீட்டினார் மேனேஜர். வாய்ப்பாடு அழவில்லை. “அறுபத்தி ரெண்டு எப்படி சார் வரும்? வரிசை கெட்டுப்போச்சே!” என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டான். கடிதத்தின் பின்பக்கத்தில் ஐந்து எண்ணையும் எழுதி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, அதன் கீழே மறுபடி கழித்து, இறங்கிக்கொண்டே போனான். நாலாம் வரியில் மூன்று என்று ஒற்றை எண் மிஞ்சியது. அந்த மூன்றைப் பிடித்துக் கூட்டிக் கூட்டி மேலே ஏறினான். முகம் மலர்ந்தது.

“வருது சார்! அறுபத்தி ரெண்டும் வருது! அப்ப அடுத்தது நூத்திப் பதினெட்டு!”

ஒரு தையல் மெஷின் நின்றது.

“ஏங்க, அது நானுங்க,” என்றாள் அவன் மனைவி.

“தெரியும், சும்மா இரு.”

“அக்கா...” என்று தொடங்கிய மைத்துனன், மேனேஜர் திரும்பியதும் வாயை மூடிக்கொண்டான்.

மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அடுத்த வாரத்துக்கு எனக்கு ரோசனை மிச்சம்,” என்று டைரியைத் திறந்து எழுதினார்.

வாய்ப்பாடு எட்டிப் பார்த்துப் பதறினான். “ஐயோ, நூத்திப் பதினேழு இல்ல சார். நூத்திப் பதினெட்டு. நல்லா அடிச்சிட்டு எழுதுங்க.”